பிள்ளை பிறந்த பிறகு விளக்கின் முன்னால் நிற்க முடியவில்லை

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். முதல் பிள்ளை, நான்கு மாதம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே காலையில் குளித்து விளக்கேற்றி கந்தர் சஷ்டி கவசம் படிக்காமல் வாசலைத் தாண்டியதில்லையாம். செவ்வாயும் வெள்ளியும் கோயில். இப்போது பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. விளக்கின் முன்னால் நிற்க நேரமில்லை, நின்றாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை என்கிறார். "பிள்ளை கிடைச்சதும் சாமியை மறந்துட்டே" என்று மாமியார் சொல்கிறாராம். தாய்மையே ஒரு தவம் என்று மற்றவர்கள் சொல்லும்போது அழுகைதான் வருகிறதாம். பிள்ளை வேண்டிப் பத்துமலை முருகன் கோயிலில் கரும்புத் தொட்டில் எடுப்பதாக, அதாவது கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டிப் பிள்ளையைச் சுமந்து ஏறுவதாக, நேர்ந்திருக்கிறார். வரும் தைப்பூசத்தில் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும், தூக்கிக்கொண்டு போகலாமா என்பது கடைசிக் கேள்வி.

நேர்த்திக்கடனைப் பற்றிய கேள்விக்குப் பதில் சுலபம், பிறகு சொல்கிறேன். அதற்கு அடியில் நீங்கள் கேட்பது வேறு. எனக்கும் முருகனுக்கும் நடுவே இருந்தது போய்விட்டதா, போனதற்கு நான்தான் காரணமா? இதைத்தான் கேட்கிறீர்கள். இதே கேள்வியைப் பல வீடுகளில், பல விதமாக, பெரும்பாலும் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டிருக்கிறேன்.

நான் பினாங்கில் அரசாங்கத் தாய்சேய் நலக் கிளினிக்குகளில் 31 வருடம் தாதியாக இருந்தவள். பிரசவம் பார்க்கப் படித்தேன். பிள்ளை பெற்றவர்களை வீடு தேடிப்போய்ப் பார்ப்பதுதான் வேலையில் பாதி. ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறேன். மனநல மருத்துவர் இல்லை, ஆகமம் படித்தவளும் இல்லை. உடம்பைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் இங்கே சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன். சாமியைப் பற்றிச் சொல்வது என் அனுபவமும் நான் படித்த கொஞ்சமும்தான். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உடம்பு. நான்கு மாதப் பிள்ளை இரவில் இரண்டு மூன்று முறையாவது எழும். பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகமாக ஊறும், அதனால் ராத்திரிப் பாலை நிறுத்துங்கள் என்று எந்தத் தாதியும் லேசில் சொல்லமாட்டாள். ஆக, நான்கு மாதமாக நீங்கள் தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கிய இரவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்கு மேல் மூன்று வாரமாக வேலை வேறு. கவசம் படிக்கும்போது முன்பெல்லாம் கண் கலங்கியிருக்கும், உடம்பு சிலிர்த்திருக்கும். அந்தக் கண்ணும் அந்தச் சிலிர்ப்பும் இந்த உடம்பில்தான் இருக்கின்றன. உடம்பு களைத்துக் கிடக்கும்போது பக்தி மட்டும் தனியாக எழுந்து உட்காராது. இது பக்திக் குறைவு இல்லை. பிரசவத்தில் ரத்தம் போய் இரும்புச்சத்து குறைந்திருந்தாலும், பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வரும் தைராய்டு கோளாறு இருந்தாலும் இதே சோர்வும் இதே வெறுமையும் வரும். இரண்டையும் ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம், கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் உங்களிடம் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதை எங்கே கற்றேன் என்று சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீடு, பல வருடங்களுக்கு முன். பிள்ளை பிறந்த இருபதாம் நாள். பிள்ளையின் எடை ஏறியிருந்தது, தொப்புள் நன்றாகக் காய்ந்திருந்தது, மஞ்சள் காமாலை இல்லை. குறித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதுதான். சாமி மேடையில் செம்பருத்திப் பூ சுருண்டு கறுத்துப் போயிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அந்தப் பெண் பார்த்துவிட்டாள். "சாமி கும்பிட்டா ஒண்ணுமே வரல மிஸ்ஸி" என்றாள். இங்கே தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளை அவள் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் விரல் சும்மா அதன் கையில் கிடந்தது. திரும்ப ஒரு அழுத்தம், ஒரு தடவல் இல்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டேன்: "பிள்ளையைப் பார்த்தா?" ரொம்ப நேரம் பேசவில்லை. "அதுவும்தான்" என்றாள். சாப்பாடு? "மண்ணு மாதிரி இருக்கு." அதுவரை இப்படிச் சொன்னவர்களிடம் எல்லாம் சரியாகிவிடும், முருகனை நினைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அன்று சொல்லவில்லை. டாக்டருக்குக் கடிதம் எழுதி, அவள் கணவர் வேலையிலிருந்து வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சிகிச்சை எடுத்தாள், சில மாதங்கள் பிடித்தன. பிறகு பிள்ளைக்கு ஊசி போட வந்த ஒரு நாள், நான் கேட்காமலே சொன்னாள்: "நேத்து விளக்கேத்தினேன் மிஸ்ஸி. அழுதுட்டேன்." முகம் முழுக்கச் சிரிப்போடு சொன்னாள்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். விளக்கின் முன்னால் மட்டும்தான் ஒன்றும் தோன்றவில்லையா, எல்லாவற்றின் முன்னாலும் தோன்றவில்லையா? பிடித்த சாப்பாடு பிடிக்கிறதா? பிள்ளை சிரித்தால் உங்கள் முகம் தானாக மலர்கிறதா? அக்காளோ தோழியோ போன் செய்தால் எடுக்கத் தோன்றுகிறதா? பிள்ளை தூங்கும் நேரத்தில் உங்களால் தூங்க முடிகிறதா? இவையெல்லாம் இருந்து, பூஜை மட்டும் வறண்டிருந்தால் அது பெரும்பாலும் களைப்புதான். இவை எல்லாமே வறண்டிருந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அது ஒரு நோய். பக்தியால் வருவதுமில்லை, பக்தி குறைந்ததால் வருவதுமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிள்ளை பெற்றவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது, அதில் பெரும்பங்கு மனச்சோர்வு. பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வந்து இரண்டு வாரத்துக்குள் போய்விடுவது வேறு, அது பெரும்பாலான தாய்மாருக்கு வரும். நான்காம் மாதத்தில் இருப்பதை அதோடு சேர்க்காதீர்கள்.

நான் கேட்டது என் அனுபவத்தில் வந்த கேள்வி, அளவுகோல் இல்லை. அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தில் உருவாக்கி 1987-இல் வெளியிட்ட எடின்பரோ வினாப்பட்டியல். 10 கேள்விகள், கடந்த 7 நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். சிரிக்க முடிந்ததா, எதையாவது ஆவலோடு எதிர்பார்த்தீர்களா, காரணமில்லாமல் உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டீர்களா என்று போகும். கடைசிக் கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதுவும் நோய் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வதில்லை, டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்று மட்டும் காட்டும். அந்தக் கடைசிக் கேள்விக்கு உங்கள் மனது ஒரு நொடி தயங்கினாலும் தைப்பூசம்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே 15555-க்கு அழையுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் அது.

உங்களுக்கு இல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது வேண்டியிருக்கும் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு தாய்மாருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், புத்தி தடம் மாறும் கடுமையான நோய் ஒன்று வரும். நம் வீடுகளில் அது பல நேரம் சாமி வேஷத்தில் வரும். ஒரு பெண் நான்கு இரவாகத் தூங்கவில்லை. களைப்பும் தெரியவில்லை, முகம் பளபளவென்று இருந்தது. அம்மன் தன்னிடம் பேசுகிறாள், பிள்ளை சாதாரணப் பிள்ளை இல்லை என்று விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். அருள் வந்திருக்கிறது என்று வீட்டில் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கிருந்த பூசாரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது அருள் இல்ல, முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, அப்புறம் இங்க வாங்க" என்றார். அந்தக் குடும்பத்தை அவர்தான் காப்பாற்றினார். அந்தப் பெண் முழுக்கக் குணமானாள். அருள் என்பது வரும், போகும். போனபின் அந்த மனுஷி தண்ணீர் குடித்துவிட்டு, தூங்கி எழுந்து, எப்போதும் போலச் சமைப்பாள். நாள் கணக்கில் தூக்கமில்லாமல், பேச்சு ஓடிக்கொண்டே, பிள்ளையைப் பற்றி விபரீதமாகச் சொல்வது அப்படியல்ல. கோடு எப்போதும் தெளிவாகத் தெரியும் என்று சொல்லமாட்டேன். தெரியாதபோது ஆஸ்பத்திரி முதலில்.

சரி, உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் தீட்டு என்ற சொல் இல்லை, ஆனால் அது எங்கோ உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் போன வீடுகளில் சிலர் 11-ஆம் நாளே புண்ணியதானம் செய்து பெயர் வைப்பார்கள், சிலர் 16, சிலர் 30, சிலர் 40 நாள் கழிப்பார்கள். யாழ்ப்பாணத்து வழி வந்த வீடுகளில் துடக்கு என்பார்கள், 31-ஆம் நாள் கழிப்பார்கள். நான்கு மாதம் தீட்டுக் காத்த வீட்டை நான் கண்டதில்லை. அதனால் விலகி நிற்க வேண்டிய காலம் எந்தக் கணக்கிலும் முடிந்துவிட்டது. பிள்ளை பெற்றவள் ஓய்வெடுக்கவே பெரியவர்கள் தீட்டு வைத்தார்கள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அதுதான் அதன் தொடக்கம் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பிள்ளை பெற்றவளைத் தள்ளி வைத்ததும் அதில் இருக்கிறது, ஓய்வு கொடுத்ததும் இருக்கிறது. மலாய்க்காரர்கள் 44 நாள் பந்தாங் என்ற பிரசவப் பத்தியம் இருக்கிறார்கள், சீனர்கள் ஒரு மாதம் இருக்கிறார்கள். அடுப்படிக்குப் போகாமல், பூண்டும் நல்லெண்ணெயும் சேர்த்த பத்தியச் சாப்பாடு தேடி வர, ஒருத்தி படுத்திருக்க முடிந்தது அந்த நாட்களில்தான். நம் நாட்டுச் சட்டம் 2023 ஜனவரியிலிருந்து தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு 98 நாள் விடுப்புத் தருகிறது. முன்பு 60 நாள்தான் இருந்தது. ஆனாலும் பலருக்கு அந்த 98 நாளில் பத்தியம் கொடுக்க ஆள் இல்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் கழிந்திருக்கும் போலிருக்கிறது.

தாய்மையே தவம் என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. சொல்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். அவள் "முடியல" என்று வாய் திறக்கும் நேரத்தில் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் முடியவில்லை என்று சொல்வதில்லை. தவம் என்பது ஒருவர் தானே விரும்பி உட்காருவது. பசியோடும் தூக்கமின்றியும் விட்டுவிட்டு அதைத் தவம் என்று பெயர் சொல்லி அழைத்தால், உதவி செய்ய வேண்டியவர்கள் எழுந்து போய்விடலாம். நீங்கள் அதைக் கேட்டு அழுதது சரிதான்.

கோயிலுக்குப் போக முடியாதவர்களுக்குப் பூசலார் கதையைச் சொல்வதும் வழக்கம். கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கல் கல்லாகக் கோயில் கட்டினார். காஞ்சியில் மன்னன் கட்டிய கற்கோயிலுக்கு அதே நாளில் குடமுழுக்கு வைத்திருந்தும், சிவபெருமான் பூசலாரின் ஊரான நின்றவூருக்குத்தான் வருவேன் என்றார். எனக்கு மிகவும் பிடித்த நாயன்மார். ஆனால் நான்கு மாதப் பிள்ளையோடு இருப்பவளுக்கு இதைச் சொல்லமாட்டேன். மனத்தில் கோயில் கட்ட மனம் ஓய்ந்து உட்கார வேண்டும். உங்களுக்கு இப்போது இல்லாதது அதுதான்.

நான் சொல்ல நினைப்பது இசைஞானியாரை. அறுபத்துமூவரில் பெண்கள் மூன்றே பேர். காரைக்கால் அம்மையார் பேயுருவம் வேண்டிப் பெற்றார். மங்கையர்க்கரசியார் பாண்டிய நாட்டில் சைவத்தைத் திரும்ப நிறுத்தினார். இசைஞானியார் என்ன செய்தார் என்று பெரியபுராணத்தைப் புரட்டிப் பாருங்கள். சுந்தரரைப் பெற்றார். சடையனாரின் மனைவி, சுந்தரரின் தாய், அவ்வளவுதான் சொல்லியிருக்கிறது. ஒரு நோன்பு, ஒரு அற்புதம், கோயிலுக்குக் கொடுத்த ஒரு பொன்காசு என்று எதுவும் இல்லை. ஆனாலும் கோயில் பிரகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையில் அவர் நிற்கிறார், அபிஷேகம் ஆகிறது, பூ வைக்கிறார்கள். வகுப்பில் பிள்ளைகள் "அவங்க என்ன டீச்சர் செஞ்சாங்க?" என்று கேட்கும்போது முன்பெல்லாம் எனக்கு என்ன சொல்வதென்று தெரியாது. இப்போது, சுந்தரர் ராத்திரி அழுதபோது எழுந்திருப்பார், அதைத்தான் செய்தார் என்கிறேன். புராணத்தில் அப்படி வரி இல்லை, அது நான் சொல்வது. ஆனால் அந்த வரிசையில் அவருக்கு இடம் கொடுத்தவர்கள் அவரிடம் பூஜைக் கணக்குக் கேட்கவில்லை என்பது உறுதி.

இன்னொன்று திருச்சி மலைக்கோட்டைக் கதை. பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு உதவ அவள் தாய் புறப்பட்டு வருகிறாள், காவிரியில் வெள்ளம், அக்கரையில் நின்றுவிடுகிறாள். சிவபெருமான் அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோதுதான் விஷயம் தெரிகிறது. தாயுமானவர் என்ற பெயர் அப்படி வந்தது. பிரசவ அறையில் வேலை செய்தவள் என்பதால் இந்தக் கதையை நான் வேறு விதமாகக் கேட்பேன். அந்த வீட்டுக்குச் சாமி வந்தார், ஆனால் யாரும் விளக்கேற்றிக் கும்பிட வேண்டும் என்று வரவில்லை. தண்ணீர் சுடவைக்க, இடுப்பைப் பிடித்துவிட, பிள்ளையை ஏந்த வந்தார். பிள்ளை பெற்ற வீட்டில் பக்தி யார் செய்ய வேண்டும், யாருக்குச் செய்ய வேண்டும் என்று இந்தக் கதையே சொல்லிவிடுகிறது. உங்கள் மாமியார் பக்தியுள்ளவர் என்று தெரிகிறது. இந்தக் கதை அவருக்கும் தெரிந்திருக்கும். ஒரு நல்ல வேளையில், சண்டைக்குப் பதிலாக இல்லாமல், "அத்தை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையை ஒரு மணி நேரம் வெச்சுக்கிறீங்களா, நான் தூங்கி எழுந்து விளக்கேத்துறேன்" என்று கேட்டுப் பாருங்கள். நேரடியாகக் கேட்டால் மறுத்த மாமியார்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். குறை சொல்பவர்களில் பலர், தங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லையே என்ற வருத்தத்தில் இருப்பவர்கள்.

விளக்கை யார் ஏற்றினாலும் அது எரியும். கணவர் ஏற்றட்டும். கவசம் முழுக்கப் படிக்க இருபது நிமிடமாவது ஆகும், அது இப்போது வேண்டாம். புதிதாக ஒரு வேலையைச் சேர்க்காமல், எப்படியும் செய்கிற ஒன்றோடு ஒரு பெயரை முடிந்துவிடுங்கள். பிள்ளையைப் பாலுக்குத் தூக்கும்போது ஒரு முறை "முருகா". அவ்வளவுதான், எண்ணிக்கை வேண்டாம். மறந்தால் அடுத்த பாலுக்கு.

இதை நான் ஒரு ஆயாவிடம் கற்றேன். தோட்டத்திலிருந்து பட்டர்வொர்த்துக்கு மகனோடு வந்துவிட்டவர், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் அவர்தான் குளிப்பாட்டுவார். சின்ன முக்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, பிள்ளையைக் கணுக்காலில் தலை வருமாறு கிடத்திக்கொள்வார். வெந்நீரைத் தன் முழங்காலில் முதலில் ஊற்றிப் பார்ப்பார். பிறகு இடது கை பிள்ளையின் கழுத்தடியில், வலது கையில் சொம்பு. ஒரு சொம்புக்கு ஒரு "சிவசிவ". மார்புக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, திருப்பிப் போட்டு முதுகுக்கு ஒன்று. கடைசிச் சொம்பை மூன்று தடவை சுற்றிக் கீழே ஊற்றி, தன் குதிகாலடி ஈரத்தைத் தொட்டுப் பிள்ளை நெற்றியில் வைப்பார். "பூஜை முடிச்சிட்டீங்களா ஆயா?" என்று ஒரு நாள் கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "இப்பத்தானே குளிப்பாட்டி முடிச்சேன்" என்றார்.

நம் புலவர்கள் இதைத்தான் பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கியமாகவே செய்து வைத்திருக்கிறார்கள். சாமியைப் பிள்ளையாக வைத்துத் தாய் பாடுவது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று பத்துப் பருவம். செங்கீரை ஐந்தாம் மாதம்: ஒரு காலை மடக்கி, கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணி ஒன்பதாம் மாதம்: கை கொட்டுவது. கிளினிக்கில் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கும்போது நாங்கள் கேட்பதும் இவைதான். தலை நிமிர்கிறதா, கை கொட்டுகிறதா? முருகனுக்கும் மீனாட்சிக்கும் பாடியவர்கள், நிஜப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் அதை எழுதியிருக்க முடியாது. குப்புற விழுந்த உங்கள் பிள்ளை தலையைத் தூக்க முயல்வதை நீங்கள் கண் கொட்டாமல் பார்க்கிறீர்களே, அந்தப் பார்வையைத் தமிழில் பக்தி என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள்.

இப்போது தைப்பூசம். என் பதில், இந்த வருடம் வேண்டாம். காரணம் கூட்டம் மட்டும் இல்லை. நம் நாட்டில் தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். ஊசி 9-ஆம் மாதமும் 12-ஆம் மாதமும் போடுகிறார்கள். ஆறு மாதப் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தட்டம்மை காற்றில் பரவும், லட்சக்கணக்கானவர்கள் தோளோடு தோள் உரசி நிற்கும் இடம் அதற்கு மிக வசதி. அதோடு வெயில், சாம்பிராணிப் புகை, ஒலிபெருக்கி, உறுமி மேளம். பத்துமலையில் 272 படி, எங்கள் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலில் 513. நெருக்கத்தில் கரும்பைத் தோளில் வைத்து ஏறும்போது ஒருவர் தடுமாறினால் தொட்டிலும் சேர்ந்து ஆடும். அடுத்த வருடம் பிள்ளைக்கு ஒன்றரை வயதாகியிருக்கும், இரண்டு ஊசியும் போட்டிருக்கும். கொஞ்சம் கனக்கும், பரவாயில்லை, தூக்கத் தாய்மாமன்களும் சித்தப்பாக்களும் இருப்பார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைகளைக் கரும்புத் தொட்டிலில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நேர்த்தியைத் தள்ளிப்போட்டால் சாமி குற்றமாகுமா என்று பயம் இருக்கும். அதற்கு நம் வீடுகளிலேயே வழி இருக்கிறது. ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மேடையில் வைத்துவிட்டு, இந்தக் காரணத்தால் அடுத்த வருடம் செய்கிறேன் என்று சொல்லிவிடுவார்கள். என் அம்மாவும் செய்திருக்கிறார். அது போதாது என்று தோன்றினால் கூட்டமில்லாத ஒரு காலையில் கோயிலுக்குப் போய்ப் பிள்ளையைச் சந்நிதியில் காட்டிவிட்டு வாருங்கள். விரதம் கணவர் இருக்கட்டும். பால் கொடுப்பவளுக்கு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும். நீங்கள் சைவமாக இருக்க விரும்பினால் பருப்பு, பால், கீரை என்று வயிறாரச் சாப்பிட்டு இருங்கள், ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்காதீர்கள்.

தொட்டில் கட்டும்போது ஒன்று. பாட்டியின் பழைய பட்டுச்சேலைதான் கட்ட வேண்டும் என்று அலமாரியிலிருந்து எடுப்பார்கள், அதில் பாச்சை உருண்டை வாசம் அடிக்கும். ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக, உள்ள பிள்ளைக்கு அந்த வாசமே ரத்த அணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரலாம். இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடனே அந்தப் பரிசோதனை செய்து பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். குறைபாடு இல்லாவிட்டாலும் சேலையைத் துவைத்து வெயிலில் நன்றாக உலர்த்தியே கட்டுங்கள். சடங்கில் பிள்ளை நாக்கில் தேன் தொட்டு வைக்க யாராவது வந்தால் ஒரு வயதுவரை வேண்டாம் என்று தடுத்துவிடுங்கள், தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி சின்னப் பிள்ளையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். குளித்ததும் பிள்ளைக்குச் சாம்பிராணி போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அந்தச் சின்ன நுரையீரலுக்குப் புகை ஆகாது.

அடுத்த மாதம் ஐந்தாம் மாத ஊசிக்குக் கிளினிக்குக்குப் போவீர்கள். மிஸ்ஸி பிள்ளையின் எடையைப் பார்ப்பார், தலைச் சுற்றளவு பார்ப்பார், ஊசி போடுவார், அடுத்த நம்பரைக் கூப்பிடுவார். எழுந்து வந்துவிடாதீர்கள். "எனக்கும் பார்க்கணும் மிஸ்ஸி, ராத்திரி தூக்கமில்ல, எதிலும் மனசு ஒட்டல" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். வரிசை நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. இங்கே என்னிடம் சொன்னதை அவரிடமும் சொல்லுங்கள்.